வெள்ளையாகத் தெரிந்த எலும்பு

பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அடைக்கலராஜுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் இருட்டறையில் முதன்முறையாகக் ஒரு பிலிமைப் பார்க்கப் பயம் வந்தது. பிலிம் அவருடைய மனைவி இருதயமேரியின் இடுப்புப் படம். சிவப்பு விளக்கின் கீழே மருந்துத் தண்ணீரில் அது மெல்ல மெல்லத் துலங்கி வந்தபோது, இடது தொடையெலும்பின் தலை உருண்டையாக இல்லை. மேல்பக்கம் தட்டையாகி ஓரத்தில் நசுங்கியிருந்தது. பிலிமைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் தண்ணீரில் விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் ஊறினால் எலும்பு சரியாகிவிடும் என்பது மாதிரி, வேண்டியதற்கு மேலேயே ஒரு நிமிஷம் ஊறவிட்டார்.

அடைக்கலராஜைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். திருச்சி கன்டோன்மெண்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. வீடு பாலக்கரையில். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரைப் பாதி டாக்டர் என்றே நினைத்திருந்தார்கள். மீதிப் பேரையும் அப்படி நினைக்க வைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே யாராவது ஒருவர் மஞ்சள் உறையிலிருந்து பிலிமை உருவி நீட்டுவார்கள். இவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளையா இருந்தா உறுதி. கறுப்பு விழுந்தாத்தான் கோளாறு. உங்களுதுல கறுப்பு இல்லை, போங்க" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிட்டது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

ஈரம் சொட்டுகிற பிலிமை எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டர் திருநாராயணனின் அறைக்குப் போனார். டாக்டர் ஸ்ரீரங்கத்துக்காரர். சென்னையில் படித்துவிட்டு இரண்டு வருஷம் இங்கிலாந்திலும் இருந்து வந்தவர். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோட்டோடுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே போவார். அதிகம் பேசமாட்டார். பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகு நேரம் பார்த்தார்.

"டி.பி. மாதிரிதான் இருக்கு, ராஜ்" என்றார். "நம்ம ஊர்ல இடுப்பு இப்படி இருந்தா பத்துல ஒன்பது அதுதான். ஆனா ஒண்ணு இடிக்கறது. டி.பி.யா இருந்தா முதல்ல மூட்டு இடைவெளி போயிடும். தலை பொருந்தற கிண்ணமும் அரிச்சிருக்கும். இதுல கிண்ணம் நன்னா இருக்கு, இடைவெளியும் இருக்கு. தலை மட்டும் நசுங்கி உக்காந்திருக்கு. வலி ஆரம்பிச்சப்போ எடுத்த படம் ஏதாவது இருந்தா தேவலை. இருக்கா?"

அடைக்கலராஜ் டாக்டரைப் பார்க்காமல் பிலிமைப் பார்த்தார்.

"இல்லைங்க சார்" என்றார்.

இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், மேரி முதல் தடவையாகத் தொடை இடுக்கில் வலிக்கிறது, முட்டி வரைக்கும் இறங்குகிறது என்று சொன்னபோது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளை ரகசியமாக வரவழைத்து இவரே ஒரு படம் எடுத்திருந்தார். டாக்டர் சீட்டு இல்லாமல் சொந்தக்காரர்களுக்குப் படம் எடுத்தால் வேலை போய்விடும். அதனால் பதிவேட்டில் 'வீணான பிலிம்' என்று எழுதிவிட்டு, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவின் மேல் சேலை அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் வலிக்கிற இடது பக்கத்துத் தலை, வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் வெள்ளையாகவே இருந்தது.

"எலும்பு இரும்பு மாதிரி இருக்கு மேரி. சும்மா பிடிப்பு. நடந்தா சரியாப் போயிடும்" என்று அன்றைக்குச் சொன்னார். மேரி ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதுவரை மொட்டைக் கோபுரத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ரிக்‌ஷா வைத்துக்கொண்டிருந்தவள், அவர் பேச்சைக் கேட்டுச் சித்திரை வீதி முழுக்க நடக்க ஆரம்பித்தாள். வலித்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் நடந்தாள். தையல் மெஷினை மிதிப்பதும் நல்லது என்றார் இவர். மிதித்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் வகுப்பிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் முறைப்படி சீட்டு எழுதி, அட்மிட் செய்து, இந்த இரண்டாவது படம்.

டாக்டர் பெண்கள் வார்டுக்குப் போனார். அடைக்கலராஜ் பின்னாலேயே போனார். மேரி எழுந்து உட்காரப் பார்த்தாள். டாக்டர் வேண்டாமென்று கையமர்த்தினார்.

"மூச்சு இழுப்பு உண்டுன்னு எழுதியிருக்கே அம்மா. அதுக்கு என்ன மருந்து சாப்பிடறேள்?"

மேரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "கஷாயம்தாங்க டாக்டர். ஆடாதோடை."

"மாத்திரை, ஊசி ஒண்ணும் கிடையாதே?"

"இல்லீங்க."

அதுவும் பொய். கம்பவுண்டர் சவரிராயன் அடைக்கலராஜுக்குப் பங்காளி முறை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மேரி மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்துப்போனபோது, ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தவர் அவர்தான். புதுசாக வந்திருக்கிற மருந்து, மந்திரம் போட்ட மாதிரி கேட்கும் என்றார். கேட்டது. அன்று ராத்திரியே மேரி படுத்துத் தூங்கினாள். அதிலிருந்து மாதாமாதம் பொட்டலம் வந்துகொண்டிருந்தது. முகம்கூடக் கொஞ்சம் உருண்டு சதை போட்டதில் அடைக்கலராஜுக்குச் சந்தோஷம்தான். வெளியில் மூச்சு விடக்கூடாது, சவரிராயன் வேலை போய்விடும் என்று மட்டும் மேரியிடம் சொல்லி வைத்திருந்தார். வார்டில் சேர்ந்த பிறகும் தினமும் ஒரு மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அவள் கையில் வைத்துவிட்டுப் போவார்.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், உட்பக்கம் திருப்பினார். மேரி உதட்டைக் கடித்தாள்.

"சரி. மாவுக்கட்டு போட்டுடலாம்" என்றார். "மார்லேர்ந்து இடது கால் நுனி வரைக்கும். ஒரு வருஷம் ஆகும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தினம் ஒண்ணு. வியாழக்கிழமை காலம்பற வச்சுக்கலாம்."

அந்த மாவுக்கட்டைப் பற்றி அடைக்கலராஜுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இடுப்பு டி.பி.க்காரர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத்தானே தள்ளிக்கொண்டு வருவார்கள். சித்திரை வெயிலில் கட்டுக்குள்ளே புழுங்கி நாறுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே அரிக்கிறது என்று தென்னங்குச்சியை விட்டுச் சொறிந்து புண்ணாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறார். வையம்பட்டியிலிருந்து வந்த காளியாயி என்கிற பெண் ஒரு வருஷம் ஊசி போட்டதில் காது இரண்டும் அடைத்துப்போய், பிலிம் எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொன்னால் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே டி.பி. அதற்காகப் பட்டாள் என்றாவது சொல்லலாம். மேரிக்கு டி.பி.யே இல்லாவிட்டால்?

டாக்டர் கேட்ட படம் பீரோவின் மேல் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் டாக்டருக்குக் குழப்பம் தீரும். அடைக்கலராஜின் வேலையும் அதோடு தீரும். ஆனால் வேலை போகிற பயம் அவருக்கு முதல் பயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தான் பார்த்துவிட்டு 'இரும்பு' என்று சொன்ன படத்தில், படித்த ஒருவர் வேறெதையாவது பார்த்துவிடுவாரோ என்பதுதான் முதல் பயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தார். இரண்டு உருண்டைகள், வலது, இடது. இடது பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. எந்தக் கறுப்பும் இல்லை. எட்டு மாதத்தில் இது எப்படி நசுங்கிப்போகும்? இரும்பு எப்படி உட்காரும்? தலைகீழாகப் பிடித்தார், பின்பக்கமாகத் திருப்பினார். படம் ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு வருஷமாகத் தனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்திருந்த எழுத்து திடீரென்று வேறு பாஷையாகிவிட்டது மாதிரி இருந்தது. படத்தைப் பெட்டிக்குள் போட்டு, மேலே ஒரு சேலையையும் போட்டு மூடினார்.

புதன்கிழமை சாயங்காலம் சகாயமாதா கோயிலில் நவநாள் ஜெபம். கூட்டம் வெளி வாசல் வரை நின்றது. அடைக்கலராஜ், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார். ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். யாரிடமாவது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். முழங்காலில் நின்றதும், சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் படித்தபோது பழகின வார்த்தைகளே வாயில் வந்தன.

"ஏழாம் கற்பனைக்கு விரோதமா ஆஸ்பத்திரிச் சாமானை எடுத்திருக்கேன் சாமி. எட்டாம் கற்பனைக்கு விரோதமாப் பொய் சொல்லியிருக்கேன்."

"எத்தனை தடவை?" என்றார் வலைக்கு அந்தப் பக்கம் சாமியார். அடைக்கலராஜுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"சரியா நினைவில்லை சாமி. ரெண்டு மூணு தடவை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி."

சாமியார் பரிகாரமாக மூன்று பரமண்டல ஜெபமும் பத்துப் பிரியதத்த ஜெபமும் சொல்லச் சொன்னார். அடைக்கலராஜ் பாட்டு முடிவதற்குள் சொல்லி முடித்தார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லைப் புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது. மெழுகுவத்தி ஒன்று ஏற்றினார். பக்கத்தில் நின்றவருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம்கூட எடுத்துக் கொடுத்தார். கேட்கிறவருக்கு ஒன்றுமே புரியாதபடி சொல்லிவிட்டு, சொன்னதாக நிம்மதி அடைகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அது நம்மவர்களுக்குப் பழக்கமானதுதான். அடைக்கலராஜுக்கு அந்த நிம்மதி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை தாங்கியது.

வார்டில் மேரி தலைக்கு எண்ணெய் வைத்து, சடையை இறுக்கிப் பின்னி, நாளைக்குத் தயாராக இருந்தாள். அவரைப் பார்த்ததும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"கட்டுப் போட்டா இது உறுத்தும்னு சிஸ்டர் சொன்னாங்க. பீரோவுல வச்சிடுங்க."

பீரோ என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயமா இருக்கா மேரி?"

"இருக்கு" என்றாள். "திங்கட்கிழமையிலேர்ந்து தூக்கமே இல்லை. கட்டுக்குள்ள படுத்துக்கிட்டு இழுப்பு வந்தா எப்படி எந்திரிச்சு உக்காருவேன்னு யோசிச்சா இப்பவே மூச்சு முட்டுது. அப்புறம் நினைச்சுக்குவேன், வேற யாராவதா இருந்தா டாக்டர் சொன்னதை அப்படியே நம்பணும். நமக்கென்ன, வீட்டுலயே படம் பாக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கு. தப்பா இருந்தா நீங்க விட்டுடுவீங்களா?"

அவள் மாத்திரைக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தார். தண்ணீரில்லாமலேயே விழுங்கினாள். அவர் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். சாமியாரிடம் சொன்னதில் இவளுக்கு ஒரு குண்டுமணி அளவுகூடப் பிரயோஜனம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாமியார் எக்ஸ்ரே பார்க்கப்போவதில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆர்டர்லி வீரமலை வாளியில் மாவுத் துணியை நனைக்கப்போகிறான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஸ்ரீரங்கம் போனார். அட்டைப்பெட்டிப் படத்தையும், ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து எடுத்த திங்கட்கிழமைப் படத்தையும் ஒரே உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். காவேரிப் பாலத்தில் காற்று உறையைப் பிடுங்கப் பார்த்தது. அது பறந்து ஆற்றில் விழுந்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கம் கெட்ட நினைப்புதான். ஆனாலும் வந்தது.

டாக்டர் வீடு உத்திர வீதியில். கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி.

"பெருமாள் திருவாராதனம் ஆயிண்டிருக்கு. நடுவுல எழுந்துக்க மாட்டார். உக்காருங்கோ, முடிச்சுட்டு வருவார்" என்று கூடத்தில் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளேயிருந்து மணியோசையும், டாக்டர் தாழ்ந்த குரலில் பாசுரம் சேவிப்பதும் கேட்டன. ஆஸ்பத்திரியில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் இங்கே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிகிற மாதிரி ஒவ்வொரு தடவை தாழும்போதும் அடைக்கலராஜ் உள்வாசலைப் பார்த்தார். உறையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தார். ஆனால் உறையைப் பார்த்தாலே யார் எடுத்தது என்று தெரிந்துவிடுமே என்று மறுபடியும் உட்கார்ந்தார். தைரியத்தினால்தான் இருந்தார் என்று சொன்னால் அது பொய்.

டாக்டர் உடம்பில் பன்னிரண்டு திருமண் நாமத்தோடு, இடுப்பில் வேஷ்டியோடு வெளியே வந்தார்.

"என்ன ராஜ், இங்கே? ஆத்துக்காரிக்கு ஏதாவது ஆச்சா?"

அடைக்கலராஜ் எழுந்து உறையை நீட்டினார். வாய் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

டாக்டர் ஜன்னலுக்குப் போய், இரண்டு படங்களையும் காலை வெளிச்சத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். பழைய படத்தின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். அடைக்கலராஜைப் பார்த்தார்.

"நீங்களா எடுத்தேள் இதை?"

"எட்டு மாசம் ஆச்சுங்க சார். யாருக்கும் தெரியாம நானே எடுத்தேன். அதுல ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். இடது பக்கம் இன்னும் வெள்ளையா, உறுதியா இருக்குன்னு அவகிட்ட சொன்னேன். நடக்கச் சொன்னேன்."

டாக்டர் விரல் நுனியால் பழைய படத்தில் அந்த வெள்ளை உருண்டையை லேசாகத் தொட்டார்.

"இதுதான் வியாதி" என்றார். "செத்துப்போன எலும்பு. உயிரோட இருக்கற எலும்பு, வலின்னு கொஞ்ச நாள் சரியா ஊனலைன்னா இளைச்சுடும், படத்துல மங்கிடும். இந்தத் தலைக்கு ரத்தமே போகலை. ரத்தம் போனாத்தானே இளைக்கறதுக்கு? சுத்தி எல்லாம் மங்கித்து, இது மட்டும் அப்படியே நின்னுடுத்து. அதான் வெள்ளை. டி.பி. கிடையாது. அது நிச்சயம்."

"டி.பி. இல்லையா சார்?"

"இல்லை. கட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்."

அடைக்கலராஜ் மாதாவே என்று வாய்க்குள் சொன்னார். வேலை போனால் போகட்டும், நல்ல வேளை வந்தோம் என்று நினைத்தார். அந்த நினைப்பை அவர் முழுசாக நினைத்து முடிப்பதற்குள் டாக்டர் திரும்பினார்.

"ஆனா ரத்தம் ஏன் நின்னுதுன்னு தெரியணும். அவா கீழே விழலை, மூட்டு விலகலை. சின்ன வயசு. போன வருஷம் ஒரு மெடிக்கல் பத்திரிகையில படிச்சேன், ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் சாப்பிடறவாளுக்கு இப்படித் தொடையெலும்புத் தலை செத்துப்போறதாம். அதுக்குத்தான் அன்னிக்கு அவாகிட்டக் கேட்டேன். ஒண்ணும் சாப்பிடலைன்னுட்டா. நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. இழுப்புக்கு வெள்ளையாச் சின்ன மாத்திரை ஏதாவது?"

நேற்றுச் சாயங்காலம் மேரி நீட்டிய கையில் தான் வைத்த மாத்திரையை அடைக்கலராஜ் நினைத்துப் பார்த்தார். அதற்கு முந்தின நாள் வைத்ததை, அதற்கும் முந்தின நாள் வைத்ததை. இரண்டு வருஷம். ஒரு நாள்கூட அவர் மறந்ததில்லை. அவள் மறந்தாலும் இவர் ஞாபகப்படுத்துவார்.

"நான்தாங்க சார் கொடுத்தேன்" என்றார். சவரிராயன் பெயரைச் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. தினம். நேத்தி வரைக்கும்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு டக்குன்னு நிறுத்திடாதேங்கோ. அதுவும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும், நான் எழுதித் தரேன். இழுப்புக்கு வேற மருந்து பாக்கலாம். இடது காலை ஊனவே கூடாது, கக்கத்துல கட்டையை வச்சுண்டுதான் நடக்கணும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. தலை இதுக்கு மேல உக்காராம இருந்தா பெரிய விஷயம். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கற மாதிரிதான் இருக்கும். அந்த மெஷின் மிதிக்கறதெல்லாம் இனிமே முடியாது."

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே இதை உங்ககிட்ட கொண்டு வந்திருந்தா சார்?"

"அப்போ தலை உருண்டையாத்தானே இருந்தது" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். படங்களை உறைக்குள் போட்டுத் தானே வைத்துக்கொண்டார். "இதைச் சூப்பரின்டென்டென்ட்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும், ராஜ். மறைக்க மாட்டேன். ஆனா அவாகிட்ட நான் சொல்லப்போறதில்லை. நான் வர்றதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லிடுங்கோ. எல்லாத்தையும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். இந்தப் பயம் வேறு மாதிரியானது. திங்கட்கிழமையிலிருந்து வேலை, டி.பி., மாவுக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பயந்து பார்த்தாகிவிட்டது. இப்போது பதினொரு வருஷமாகக் கூட வாழ்ந்த ஒருத்தியின் முகத்தை நினைத்துத்தான் பயம். பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு இருப்பது அந்த ஒரு முகம்தான்.

வார்டில் மேரி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். கட்டுக்காக உடுத்திவிட்ட வெள்ளைக் கவுன் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சொன்னார். இந்தத் தடவை கற்பனை நம்பர் எதுவும் சொல்லவில்லை. எந்த நாள் படம் எடுத்தேன், அதில் என்ன இருந்தது, நான் என்னவென்று சொன்னேன், டாக்டர் கேட்டபோது இல்லையென்று சொன்னேன், அந்த மாத்திரை என்ன செய்தது என்று வரிசையாகச் சொன்னார். பாதியில் நிறுத்தி, பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

மேரி அழவில்லை. அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவுமே வரவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"தினம் வலிக்குதுன்னு சொன்னேனே" என்றாள் கடைசியில். "சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் படியேறும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தீங்கல்ல. எனக்குள்ள ஏதோ நொறுங்குதுங்கன்னு சொன்னேன். நீங்க படம் பாத்தவங்கன்னு என் வலியையே நான் நம்பலை."

"மேரி..."

"டாக்டர்கிட்ட ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னதும் உங்களுக்காகத்தான்."

"தெரியும்மா. இப்ப கட்டு வேண்டாம்னுட்டார். டி.பி. இல்லை. காலை மட்டும் ஊனக் கூடாது. கக்கத்துல கட்டை வச்சுக்கிட்டு..."

"இது டாக்டர் சொன்னதா, நீங்க சொல்றதா?"

"டாக்டர்தான் சொன்னார்."

"அவர் வந்து சொல்லட்டும்" என்றாள்.

அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். கழிவறைக்குப் போகவேண்டும் போலிருக்கிறது. பழக்கத்தில் இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டாள். அடைக்கலராஜ் பதறி எழுந்து, ஊனாதே, என்மேல சாஞ்சுக்க என்று இரண்டு கையையும் நீட்டினார். மேரி அந்தக் கைகளைப் பார்த்தாள். தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பாதத்தை நிறுத்திக்கொண்டு, வார்டின் கோடியில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், டாக்டர் வந்தாச்சான்னு கொஞ்சம் பாருங்க. நான் இந்தக் காலைக் கீழ வைக்கலாமா வேண்டாமான்னு அவர்கிட்டக் கேக்கணும்."

நர்ஸ் வெளியே போனாள். அடைக்கலராஜ் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.